சிவப்பு விளக்கை அணைக்க மறந்தவர்

நான்கு நிமிடப் பாட்டு ஒன்று ஓடும்போது என்னவெல்லாம் செய்யலாம் என்று வானொலி அறிவிப்பாளர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் குடிக்கலாம். அடுத்த விளம்பரம் வரிசையில் சரியாக நிற்கிறதா என்று பார்க்கலாம். "அடுப்பை அணைச்சிட்டீங்களா?" என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பலாம். போன மாதம் ஒரு காலை நிகழ்ச்சியில் அப்படிப்பட்ட நான்கு நிமிட இடைவெளியில்தான் புலனத்தில் ஒரு படம் வந்தது. கிள்ளானில் ஒரு டியூஷன் நிலையத்தின் கணினி அறையைக் கவனித்துக்கொள்ளும் தம்பி அனுப்பியிருந்தார். பத்துக் கணினிகள், பத்தும் வெவ்வேறு கோலத்தில். ஒன்றில் பின்னணிப் படமே இல்லை. இன்னொன்றில் எழுத்துகள் கையளவு பெரிதாக இருந்தன. கீழே ஒரு வரி:

"அக்கா, புள்ளைங்க தினமும் தமிழ் விசைப்பலகைய செட் பண்றாங்க. மறுநாள் வந்தா காணோம். சர்வரையே ஃபார்மேட் பண்ணிடலாமா?"

பாட்டு முடிய இன்னும் ஐம்பது விநாடிதான் இருந்தது. "எதையும் அழிக்காதீங்க, சனிக்கிழமை வர்றேன்" என்று மட்டும் எழுதிவிட்டு மைக்கைத் திறந்தேன். அன்று நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிச் சொல்லிவிட்டேன் என்று பிறகு மூன்று நேயர்கள் அழைத்துச் சொன்னார்கள்.

'அழிக்காதீங்க' என்று அவ்வளவு அவசரமாக நான் எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கதை அது.

அப்போது நான் ஊடகவியல் இறுதியாண்டு. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒலித்தொகுப்புக்கு ஒரு லேப் இருந்தது. நாற்பது கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ். பக்கத்திலேயே குளிர்சாதனம் ஓயாமல் ஓடும் சின்ன அறையில் ஒரு சர்வர். மாணவர் ஒவ்வொருவருக்கும் அந்தச் சர்வரில் சொந்தமாக ஒரு கோப்புறை உண்டு. அதை 'வீடு' என்றுதான் சொல்வோம். முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும், பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் உங்கள் வீடு உங்கள் முன்னால் வந்து நிற்கும். அதே பின்னணிப் படம், அதே கோப்புகள், அதே பாதி எழுதிய கட்டுரை. அந்த வயதில் அது எனக்கு மாயாஜாலம் போலத்தான் இருந்தது.

மாயாஜாலத்துக்குப் பெயர் என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. வேறொரு கணினியில் இருக்கும் கோப்பைத் தன் வட்டில் இருப்பது போலவே காட்டும் ஏற்பாடு.

திட்டக் கட்டுரை ஒப்படைக்க ஐந்து நாள் இருந்தபோது ஒரு மாலை இடி விழுந்தது. நம் ஊர் மாலை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேப் முழுக்கக் கரண்டு டிரிப் ஆனது. கரண்டு திரும்பி வந்தபோது நான்காம் வரிசையில் சில கணினிகள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கருகிய வாடை வந்தது. நானும் என் அறைத்தோழியும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தோம். எழுந்து வேறு இடத்துக்குப் போய் உள்ளே நுழைந்தோம். இருவருக்கும் ஒரே கதி. வெறும் நீலத்திரை, நடுவில் ஒரு பெட்டி. அதில் நீளமாக ஆங்கிலம். கட்டமைப்புச் சேவையைத் தொடர்புகொள்ள முடியவில்லை, கணினி திடீரென்று நின்றதால் பழைய என்எஃப்எஸ் பூட்டு எஞ்சியிருக்கலாம் என்கிற மாதிரி. 'சரி' என்பதை அழுத்தினால் அதே பெட்டி மறுபடியும் வரும். பேனல் இல்லை, மெனு இல்லை, ஒன்றும் இல்லை.

பிழைச்செய்திகள் பொதுவாகப் பூசி மெழுகும். இந்த ஒரு செய்தி உண்மையான காரணத்தையே வாய்விட்டுச் சொல்லியிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

இரவு பத்து மணி. லேப் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சீனியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அடிக்கடி வர்றதுதான். வீட்டுக்குள்ள புள்ளியில ஆரம்பிக்கிற ஃபோல்டர் எல்லாம் மறைஞ்சிருக்கும். எல்லாத்தையும் அழிச்சிடுங்க. புதுசா வந்துடும்" என்றார். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 ஆகிய மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் படமில்லாத கறுப்புத் திரை வரும், அதில் நுழைந்து கட்டளையைத் தட்டலாம் என்றும் அவரே சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. தோழி அப்படியே செய்தாள். மறுபடி நுழைந்தாள். புத்தம்புது டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது.

"வேலை செய்யுதுடி!" என்று கத்தினாள். நானும் கறுப்புத் திரையில் அதே கட்டளையைத் தட்டி முடித்துவிட்டேன். எண்டர் மட்டும்தான் பாக்கி. அப்போது அவள் இன்னொரு தடவை என் பெயரைச் சொன்னாள். முதல் தடவை சொன்ன குரல் இல்லை அது.

அவள் மின்னஞ்சலைத் திறந்திருந்தாள். நாங்கள் பயன்படுத்தியது எவொலூஷன் என்ற மென்பொருள். "வரவேற்கிறோம், உங்கள் பெயர் என்ன?" என்று முதன்முதலாகச் சந்திப்பது போல அது அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அந்த மென்பொருள் அஞ்சல்களை வைத்திருந்ததும் புள்ளியில் ஆரம்பிக்கும் ஒரு மறைவுக் கோப்புறையில்தான். எங்கள் அஞ்சல் கணக்குகளுக்கு இடம் மிகக் குறைவு. அதனால் எல்லாரும் கடிதங்களை வீட்டுக் கோப்புறைக்கு இறக்கிக்கொண்டு அந்தப் பக்கம் அழித்துவிடுவோம். ஆகவே கடிதங்கள் இருந்த ஒரே இடம் அதுதான்.

அவளுடைய அப்பா அந்த ஆண்டு பிப்ரவரியில் தவறியிருந்தார். லாரி ஓட்டுநர். மகள் பல்கலைக்கழகம் போன பிறகு, ஈப்போவில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பக் கற்றுக்கொண்டவர். ஆங்கில எழுத்தில் தமிழ். வாரம் ஒன்று.

அவள் அழவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தட்டிவைத்திருந்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். கை நடுங்கியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லேப் அண்ணன் வந்தார். நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். என் கணினியைத்தான் முதலில் பார்த்தார். வேறொரு திரையில் என் வீட்டுக்குள் போய், 'ஜிகான்ஃப்' என்ற பெயரில் இருந்த ஒரு கோப்புறைக்குள் நுழைந்து, ஒரே ஒரு சின்னக் கோப்பை அழித்தார். "இப்ப லாகின் பண்ணும்மா" என்றார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. என் பின்னணிப் படம், என் எழுத்துரு, என் அஞ்சல். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு தோழியின் பக்கம் திரும்பினார். வாரந்தோறும் சர்வரைப் படியெடுத்து வைப்பார்கள். ஆனால் மறைவுக் கோப்புறைகளை மட்டும் விட்டுவிடுவார்களாம், உலாவிகள் சேர்த்து வைக்கும் குப்பையெல்லாம் அங்கே கிடப்பதால் இடம் போதவில்லை என்று. அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்து அவரே எங்களைத் தேடி வந்தார். டிசம்பர் விடுமுறையில் பழைய சர்வரை மாற்றியிருக்கிறார்கள். கழற்றிய பழைய வட்டு ஸ்டோர் அறையில் கிடந்ததாம். அதில் டிசம்பர் வரைக்குமான அவள் வீடு அப்படியே இருந்தது. ஜனவரியும் பிப்ரவரியும் இல்லை. இந்தப் பத்தியை எழுதலாமா என்று போன வாரம் அவளைக் கேட்டேன். எழுது, ஆனால் கடிதங்களில் என்ன இருந்தது என்று எழுதாதே என்றாள். எழுதவில்லை.

சரி, அந்த அண்ணன் அழித்த சின்னக் கோப்பு என்ன? அதை நான் புரிந்துகொண்டது லேப்பில் இல்லை. வானொலிக்கு வேலைக்கு வந்த பிறகுதான்.

ஒலிபரப்பு அறைக் கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். உள்ளே மைக் திறந்திருந்தால் எரியும். எரிந்தால் யாரும் நுழையக் கூடாது. ஒரே நேரத்தில் இருவர் இரண்டு மைக்கில் வெவ்வேறு செய்தி படித்தால் கேட்பவர்களுக்கு என்ன ஆகும்? நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் விளக்கின் சுவிட்சு மாட்டிக்கொண்டது. உள்ளே யாரும் இல்லை, விளக்கு மட்டும் எரிகிறது. செய்தி வாசிப்பவர் கையில் தாளோடு வெளியே பயபக்தியுடன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பாட்டு முடிந்து வெறும் அமைதி ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது.

எங்கள் லேப்பில் நடந்தது இதேதான். அந்தக் கணினிகளின் டெஸ்க்டாப்புக்கு க்னோம் என்று பெயர். 2002-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில், பின்னணிப் படம், எழுத்துரு, பேனல் போன்ற விருப்பங்களை ஒவ்வொரு மென்பொருளும் தானே எழுதிவைக்காது. எழுதுவதற்கென்று பின்னணியில் ஒரு குமாஸ்தா. அதுதான் ஜிகான்ஃப். ஓர் ஆளுக்கு ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான். இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே பதிவேட்டில் எழுதினால் பக்கம் கிழிந்துவிடும் என்பதால், உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு பூட்டைப் போடும். அதாவது சிவப்பு விளக்கு. தனிக் கணினியில் இதில் எந்தத் தொல்லையும் இல்லை. வீடு சர்வரில் இருக்கும்போது பூட்டும் சர்வரில் இருக்கிறது. நாற்பது கணினிக்கும் அது தெரியும்.

இப்போது பூட்டுப் போட்ட கணினி இடி விழுந்து செத்துவிட்டது. பூட்டை யார் எடுப்பது?

என்எஃப்எஸ்ஸின் ஒரு குணத்தை இங்கே சொல்ல வேண்டும். அதன் பழைய பதிப்புகளில் சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்று அது கணக்கு வைக்காது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். கணக்கே இல்லையென்றால் சர்வர் விழுந்து எழுந்தாலும் குழப்பம் வராது, விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். ஆனால் பூட்டுக்கு ஞாபகம் வேண்டுமே! அதனால் பூட்டுக் கணக்கை மட்டும் பார்க்கத் தனியாக இன்னொரு சேவையை ஒட்டவைத்தார்கள். ஒரு கணினி விழுந்து மறுபடி எழுந்தால், "நான் இப்போதுதான் எழுந்தேன், என் பழைய பூட்டுகளை எல்லாம் விட்டுவிடு" என்று சர்வருக்குச் சொல்லும். நல்ல ஏற்பாடுதான். கணினி எழுந்தால். நாங்கள் உட்கார்ந்திருந்த கணினிகளுக்கு மின்வழங்கி கருகிவிட்டது. அவை எழுந்திருக்கவே இல்லை. அவை சொல்லும்வரை சர்வரும் விசுவாசமாகப் பூட்டைக் காத்துக்கொண்டிருந்தது. வெளியே நாங்கள், கையில் தாளோடு.

அண்ணன் அழித்தது அந்தப் பூட்டுக் கோப்பை மட்டும்தான். சீனியர் சொன்ன வழியிலும் பூட்டு போனது. கூடவே வீடும் போனது.

அழிப்பதற்கு முன்னால் அண்ணன் இன்னொன்றும் செய்திருக்கிறார். அதைப் பிற்பாடுதான் கவனித்தேன். லேப்பில் வேறு எந்தக் கணினியிலாவது என் பெயரில் குமாஸ்தா உயிரோடு உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் தேடினார். இருந்திருந்தால் அதை வெளியேற்றிவிட்டுத்தான் பூட்டைத் தொட்டிருப்பார். எங்களில் பலருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கணினியில் ஒலிக்கோப்பு மெதுவாகத் தயாராகிக்கொண்டிருக்கும், சும்மா இருக்க முடியாமல் பக்கத்துக் கணினியிலும் அதே பெயரில் நுழைந்து கட்டுரை எழுதுவோம். அப்போதும் இதே பெட்டி வரும். அது செத்த பூட்டு அல்ல, உயிருள்ள பூட்டு. அதை உடைத்தால் இரண்டு குமாஸ்தாவும் ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று அடம்பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

கிள்ளான் கதைக்கு வருவோம். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நிகழ்ச்சியை முடித்துவிட்டு, ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஊர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. தம்பி ஒரு தே ஓ ஐஸ் வாங்கிவைத்திருந்தார். பாதி ஐஸ் கரைந்திருந்தது.

யாரோ ஓர் அலுவலகத்தில் கொடுத்த பழைய கணினிகள், எல்லாவற்றிலும் உபுண்டு. ஒரு சர்வர், அதில் வீடுகள். நன்றாகத்தான் அமைத்திருந்தார். எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்கு இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுதான்க்கா. 'மாணவர்'னு ஒரு பேரு. எல்லாருக்கும் அதே கடவுச்சொல்."

"பத்துப் பேரும் ஒரே நேரத்துல அந்தப் பேர்ல உள்ள வர்றாங்களா?"

"ஆமாக்கா. ஏன், தப்பா?"

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. 2011-இல் க்னோம் மூன்றாம் தலைமுறைக்கு மாறியபோது ஜிகான்ஃப் போய் டிகான்ஃப் வந்தது. வேகமானது. விருப்பங்கள் எல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருக்கும். படிக்க விரும்பும் மென்பொருள் யாரையும் கேட்காமல் அதையே நேராகப் படித்துக்கொள்ளும். மாற்றி எழுதும்போது மட்டும் ஒரு சேவை வந்து, முழுக் கோப்பையும் புதிதாக எழுதிப் பழையதன் இடத்தில் வைத்துவிடும். கோப்பு மாறிவிட்டது என்று மற்ற மென்பொருள்களுக்குச் சொல்லும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்தக் கணினிக்குள் மட்டும்தான். பக்கத்து மேசைக் கணினிக்கு அது தெரியாது.

இதை அங்கே பொருத்திப் பாருங்கள். கவிதைப் போட்டிக்குத் தட்டச்சு செய்யும் சிறுமி மூன்றாம் கணினியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கிறாள். கோப்பு எழுதப்படுகிறது. ஏழாம் கணினியில் ஒரு பையன் பின்னணிப் படத்தைக் கார் படமாக மாற்றுகிறான். அங்கேயும் முழுக் கோப்பு எழுதப்பட்டு, முன்னதன் மேல் உட்காருகிறது. காரும் இருக்கும், பழைய விருப்பங்களும் இருக்கும், தமிழ் மட்டும் இருக்காது. முன்பு பூட்டிக்கொண்டு நம்மை உள்ளே விடாமல் இருந்தது. இப்போது சத்தமே இல்லாமல் உள்ளே விட்டு, கடைசியாக எழுதியவர் கையை மட்டும் வைத்துக்கொள்கிறது. எது மேல் என்று என்னைக் கேட்டால், பழைய பெட்டியே மேல் என்பேன். அதாவது வாய்விட்டுச் சொன்னது.

அலுவலகத்தில் விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இது புதிதல்ல. நெட்வொர்க்கில் சுற்றிவரும் 'ரோமிங்' கணக்கில் இரண்டு கணினியில் நுழைந்தால், கடைசியாக வெளியேறிய கணினியின் மாற்றங்களே தங்கும்.

மறு பாதி விடை எங்களுக்கு உடனே கிடைக்கவில்லை. இரண்டு கணினிகளில் டெஸ்க்டாப்பே வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் பார்ப்பது வட்டில் இடம் இருக்கிறதா என்றுதான். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வீடு நிரம்பி வழிந்தால் டெஸ்க்டாப் தொடங்கும்போது எழுத வேண்டிய சின்னக் கோப்புகளைக்கூட எழுத முடியாமல் அப்படியே நின்றுவிடும். இடம் இருந்தது. அடுத்தது, கோப்புகள் யார் பெயரில் இருக்கின்றன என்பது. அங்கேதான் மாட்டினோம். பிள்ளைகள் அவதிப்படுகிறார்களே என்று தம்பி நல்லெண்ணத்தில், சர்வரில் நிர்வாகியாக உட்கார்ந்து, சரியாக இருந்த ஒரு கட்டமைப்புக் கோப்புறையைப் படியெடுத்து இன்னொரு வீட்டில் ஒட்டியிருக்கிறார். ஒட்டிய கோப்புகள் நிர்வாகி பெயரில் போய் உட்கார்ந்துவிட்டன. வீட்டுக்காரரே தன் அலமாரியைத் திறக்க முடியாத நிலை.

"அத சரி பண்ண ரெண்டு மணி நேரம் பார்த்தேன்க்கா. நிர்வாகியா இருந்தும் 'அனுமதி இல்ல'ன்னு சொல்லுது" என்றார். எங்கே உட்கார்ந்து செய்தீர்கள் என்று கேட்டேன். மாணவர் கணினியில். அதுதான் விஷயம். என்எஃப்எஸ் சர்வர், வேறொரு கணினியின் நிர்வாகியைப் பொதுவாக நிர்வாகியாக மதிக்காது. முன்பின் தெரியாத விருந்தாளியாகத்தான் நடத்தும். உங்கள் வீட்டில் நீங்கள் பெரியவர் என்றால் பக்கத்து வீட்டிலுமா? சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து, கோப்புகளின் உரிமையாளரை மாற்றினோம். இரண்டு கணினியும் எழுந்தன.

பிறகு டிகான்ஃப். வீடு நெட்வொர்க்கில் இருக்கும்போது அந்த ஒற்றைக் கோப்பு முறையை அப்படியே விடக் கூடாது என்பதை லினக்ஸ் நிர்வாகிகளுக்கான கையேடுகளே சொல்கின்றன. அதற்கென்று 'கீஃபைல்' என்றொரு மாற்று வழி இருக்கிறது. விருப்பங்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்து, மாறியிருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்ளும். மாணவர்கள் உட்காரும் ஒவ்வொரு கணினியிலும், டிகான்ஃப் சுயவிவரக் கோப்பின் முதல் வரியில் இதைக் குறிப்பிட வேண்டும். ஒரே வரிதான். பத்துக் கணினிக்கும் நடந்து நடந்து போய்த் தட்டினோம். வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் நடைமுறைக்கு வரும். இன்னொரு கணினியில் செய்த மாற்றம் உடனே தெரியாது, சற்றுத் தாமதமாகும். அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் மறுபடியும் படம் அனுப்புவார்கள். பழைய கட்டமைப்புக் கோப்புறையை என்ன செய்வது என்று தம்பி கேட்டார். பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வைக்கச் சொன்னேன். பெயர் மாறினாலே டெஸ்க்டாப்பின் கண்ணுக்கு அது இல்லாததுதான். ஏதாவது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

பூட்டைப் பற்றியும் கேட்டார். அவருடைய சர்வரில் ஓடுவது என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு. அதில் பூட்டு என்பது வாடகை மாதிரி. கணினி அவ்வப்போது 'நான் இருக்கிறேன்' என்று புதுப்பிக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் வழக்கமான தவணை 90 விநாடி. தவணை கடந்தும் சத்தமே இல்லையென்றால், வேறொருவர் கேட்கும்போது அந்தப் பூட்டு செல்லாது. இடி விழுந்தாலும் இப்போது யாரும் கதவுக்கு வெளியே விடிய விடிய நிற்க வேண்டியதில்லை.

கடைசியாக நின்றது கணக்கு விவகாரம். பிள்ளைக்கு ஒரு கணக்கு என்றதும் அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியை தலையில் கை வைத்துவிட்டார். நாற்பத்து மூன்று பிள்ளைகள். "ஏம்மா, தண்ணி போத்தலையே தினமும் மறந்துட்டுப் போறாங்க, கடவுச்சொல்ல எங்க ஞாபகம் வச்சிக்கப்போறாங்க?" நியாயமான கேள்விதான். கணினிக்கு ஒரு கணக்கு வைத்துவிடலாமா என்றார் தம்பி. அப்படியென்றால் மூன்றாம் கணினியில் எழுதிய கவிதைக்கு மூன்றாம் கணினிதான் காலியாக வேண்டும், வீடுகளைச் சர்வரில் வைத்ததற்கே அர்த்தம் இல்லை. கொஞ்ச நேரம் வாதாடினோம். கடைசியில் ஆசிரியையே மேசைக்குள் கைவிட்டு ஒரு 555 நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் நாற்பத்து மூன்று பெயர், நாற்பத்து மூன்று கடவுச்சொல். புத்தகம் அவருடைய கைப்பையில் இருக்கும். பாதுகாப்பு வல்லுநர்கள் யாராவது இதைப் படித்தால் என்னைத் திட்டலாம். பத்து வயதுப் பிள்ளைகளின் கவிதைக்கு அது போதும் என்று நான் நினைக்கிறேன். மறைவுக் கோப்புறைகளையும் சேர்த்துத்தான் வாராவாரம் படியெடுக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உலாவிக் குப்பையை மட்டும் தனியாக விலக்கிக்கொள்ளலாம். தம்பி என் கண் முன்னாலேயே அதைச் செய்து, ஒரு கோப்பைத் திருப்பி எடுத்தும் காட்டினார்.

மாலை ஐந்து மணி வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கவிதைப் போட்டிச் சிறுமி மூன்றாம் கணினியில் புதுக் கணக்கில் நுழைந்து, முதலில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தாள். பிறகு பின்னணியில் ஒரு பூனையை வைத்தாள். வெளியேறி ஒன்பதாம் கணினிக்குப் போகச் சொன்னேன். நுழைந்தாள். தமிழ் வந்துவிட்டது. பின்னணி மட்டும் வெறுமையாக இருந்தது. நான்கைந்து விநாடி நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரடி ஒலிபரப்பில் அவ்வளவு நேரம் அமைதி விட்டால் என் மேலாளர் ஓடி வந்துவிடுவார்.

"வந்துடுச்சு டீச்சர்" என்றாள். பூனை.

நான் டீச்சர் இல்லை என்று சொல்வதற்குள் அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள்.